புள்ளிக்கோட்டில் தொங்கிய பிள்ளை

போன மாதம் எங்கள் பழைய பிரிவிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். நோயாளிகளின் குடும்ப மரம் வரைவதற்கு இப்போது ஒரு டேப்லெட் வந்திருக்கிறதாம். பெயரையும் உறவையும் தட்டினால் ஆணுக்குக் கட்டமும் பெண்ணுக்கு வட்டமும் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளுமாம். "சிஸ்டர், நீங்க பென்சில்ல வரைஞ்ச காலத்துல எப்படிச் செஞ்சீங்க? ஒரு பத்து நிமிஷம் வந்து பேசுங்க" என்றார்கள். எனக்கு மேடைப் பேச்சு வராது. முன்னால் உட்கார்ந்திருப்பவர்களில் யாருக்கு இரத்த அழுத்தம் இருக்கும் என்று பார்த்துக்கொண்டே சொல்ல வந்ததை மறந்துவிடுவேன். அதனால் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். என் முப்பத்து நான்கு வருட வேலையில் சரியாகச் செய்தவற்றைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. அவை கோப்புகளில் இருக்கின்றன. தவறாகச் செய்த ஒன்றைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

நான் தாதி. மலேசியாவில் சுங்கை பட்டாணியில் பிறந்தவள். அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பம். ஞாயிறு தவறாமல் கோயில், வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ், பிள்ளைகளுக்கு அரசாங்க உத்தியோகம் என்ற மூன்றும் எங்கள் வீட்டுச் சட்டம். ரப்பர் தோட்டத்து மக்களைப் பற்றி எங்கள் வீட்டில் கெடுதலாக யாரும் பேசியதில்லை. ஆனால் அவர்களைப் பற்றி எல்லாம் தெரிந்ததுபோலப் பேசுவார்கள். அந்தப் பழக்கம் எனக்கும் இருந்தது. மூன்று வருடப் படிப்பு, பிறகு வார்டு, பிறகு நரம்பியல் வார்டு. நாற்பத்தைந்து வயதில் கால் வலி தாங்காமல் உட்கார்ந்து செய்யும் வேலை கேட்டேன். ஆராய்ச்சித் தாதி என்று ஒரு நாற்காலி கொடுத்தார்கள். கெடா மாநிலத்தில் ஒரு தோட்டம் விடாமல் அலைய வைத்த நாற்காலி அது.

எங்கள் ஆராய்ச்சி மூளையின் இரத்தக் குழாய்களில் பிறவியிலேயே வரும் ஒரு கோளாறைப் பற்றியது. கேவர்னோமா என்பார்கள். மெல்லிய சுவருள்ள நுண்குழாய்கள் ஓரிடத்தில் திராட்சைக் கொத்துபோலத் திரண்டு நிற்கும். பலருக்கு ஆயுள் முழுவதும் ஒன்றும் செய்யாது. சிலருக்கு அதிலிருந்து இரத்தம் கசியும். வலிப்பு வரும், தலைவலி வரும், சில சமயம் பெரிதாக ஒழுகி ஆளையே சாய்த்துவிடும். ஒரு கொத்து மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் அவரோடு நின்றுவிடும். ஒரே மூளையில் பல இருந்தால் குடும்பத்தில் இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். தாய்க்கோ தகப்பனுக்கோ அந்தக் கோளாறு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்படிப்பட்ட குடும்பங்களைத் தேடி, யார் யார் இரத்த உறவு என்று வரைந்து, அவர்களை ஸ்கேனுக்கு அழைத்து வருவதுதான் என் வேலை.

எனக்கு மேலே டாக்டர் ஹஸ்னா. ஒல்லியான மனுஷி. குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். அப்போது நாம் குனிந்து காதைக் கொடுக்க வேண்டியிருக்கும். அதுவே ஒரு தண்டனை. படிவத்தில் தவறு நேர்ந்தால் அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. தவறின் மேல் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியானது, கையெழுத்து, தேதி. "நாளைக்கு வருகிறவர்களுக்கு நாம் எங்கே தப்புச் செய்தோம் என்று தெரிய வேண்டும், சிஸ்டர் ராணி" என்பார்.

அவருடைய இன்னொரு விதி இரண்டு பத்திகள். குடும்பத்தில் ஒவ்வொரு ஆளுக்கும் நேராக இரண்டு பத்திகள் இருக்கும். ஒன்றுக்கு 'கேட்டது' என்று பெயர், மற்றதற்கு 'பார்த்தது'. வீட்டில் உள்ளவர்கள் சொல்வதைக் கேட்டதில் எழுத வேண்டும். அதை வெளியாள் ஒருவர் ஒத்துக்கொண்டால் அதையும் அங்கேயே எழுத வேண்டும். பார்த்தது என்பதில் பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை என்று கண்ணால் பார்த்த காகிதம் மட்டும். ஒன்றிருந்தால் போதாதா என்று ஆரம்பத்தில் நான் கேட்டேன். "போதாது" என்றார்.

இனி அஞ்சலையின் குடும்பத்துக்கு வருகிறேன்.

அஞ்சலையின் மகள் புனிதா சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தாள். வேலை நேரத்தில் வலிப்பு வந்து விழுந்தாள். ஸ்கேனில் கருப்புப் புள்ளிகள் ஏழெட்டு. பழைய கசிவின் இரும்புச் சத்து படத்தில் அப்படித்தான் தெரியும். அவளுக்கு மருந்து கொடுத்து வலிப்பை அடக்கிவிட்டார்கள். குடும்பத்தில் இருக்கலாம் என்பதால், கோலா கெத்திலுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் இருந்த அவள் தாய் வீட்டுக்கு நான் படிவக் கட்டோடு போனேன்.

அஞ்சலைக்கு அறுபதை ஒட்டிய வயது. ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கை, பிறகு எண்ணெய்க்கான செம்பனை நாற்றங்காலில் பை நிரப்பிய கை. கணவர் ராமையா பல வருடங்களுக்கு முன்பே மரம் விழுந்து இறந்துபோனவர். சிவப்பு சிரப் தண்ணீர் கலக்கிக் கொடுத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னால் கேட்கவில்லை.

"புனிதாதான் மூத்தவ. அதுக்குப் பொறவு ரெண்டு ஆம்பளப் புள்ள. ரெண்டும் தங்கல சிஸ்டர். ஒண்ணு ஏழு மாசத்துல போச்சு, ஒண்ணு மூணு மாசத்துல."

இரண்டு சிறு கட்டங்கள் போட்டு இரண்டின் மேலும் சாய்கோடு இழுத்தேன். சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. பள்ளிச் சீருடையில் ஒரு பையன், கையில் கோப்பை.

"இது யாரு?"

"குப்புசாமி. அவன் என் புள்ள இல்ல. பக்கத்து வூட்டு முனியம்மா புள்ள. நாங்க தவுட்டுக்கு வாங்கி வளத்தோம்."

தோட்டங்களில் பிள்ளையை ஒருவருக்கொருவர் கொடுத்து வளர்ப்பது எனக்குத் தெரியும். பத்திரம் இல்லாமல், சட்டம் இல்லாமல், வேலிக்கு மேலே கை மாற்றிவிடுவார்கள். தவிடு என்ற சொல் கொஞ்சம் புதிதாக இருந்தது. ஏழைகள், கைக்குக் கிடைத்ததைக் கொடுத்திருப்பார்கள் என்று நானே ஒரு அர்த்தம் பண்ணிக்கொண்டேன். கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே!

அந்த நேரம் பார்த்துக் குப்புசாமியே வந்தான். முப்பது வயது இருக்கும், நல்ல உயரம். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். செருப்பைக் கழற்றும்போதே, "அத்தை, சோறு ஆச்சா?" என்றான். அஞ்சலை எழுந்து போனார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற முனியம்மாவிடம் நானே போய்க் கேட்டேன். வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, "ஆமா சிஸ்டர், என் புள்ளதான். நான்தான் இவங்களுக்குக் குடுத்தேன்" என்றார். சொன்னவர் அஞ்சலை, ஒத்துக்கொண்டவர் வெளியாள், போதாக்குறைக்குப் பையனே அத்தை என்கிறான். கேட்டது பத்தி நிறைந்துவிட்டது.

வளர்ப்புப் பிள்ளைக்கு மரத்தில் புள்ளிக்கோடு. இரத்த உறவு இல்லை என்று அதற்கு அர்த்தம். குப்புசாமியைப் புள்ளிக்கோட்டில் தொங்கவிட்டேன். பார்த்தது என்ற பத்தியைக் காலியாக விட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கிற மனிதனிடம் போய், நீ வாங்கி வளர்த்த பிள்ளையாமே, உன் பிறப்புப் பத்திரத்தைக் காட்டு என்று கேட்பது எனக்கு நாகரிகமாகப் படவில்லை. ஸ்கேன் பட்டியலில் அவன் பெயர் வரவில்லை.

கிளம்பும்போது அவன் வாசல்வரை வந்தான். "சிஸ்டர், தலவலிக்கு நல்ல மாத்திரை எதாச்சும் இருக்கா? அடிக்கடி வருது லா."

"வெயில்ல லோரி ஓட்டினா வரத்தான் செய்யும் தம்பி. தண்ணி நிறையக் குடிங்க" என்றேன்.

இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. மூளைக் கோளாறைத் தேடிப் போன தாதி, தலைவலி என்று வாய் திறந்து சொன்னவனுக்குத் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஏறக்குறைய ஒன்றரை வருடம் போயிற்று. ஒரு நாள் காலை வார்டில் புதிதாகச் சேர்ந்தவர்களின் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செம்பனை ஆலையில் எடை போட வரிசையில் நின்ற லோரிக்குள் ஒருவர் மயங்கிக் கிடந்திருக்கிறார். இடது பக்க மூளையில் இரத்தக் கசிவு. பெயர்: குப்புசாமி, த/பெ ராமையா. முகவரி: அதே தோட்டம்.

ராமையா அஞ்சலையின் கணவர். பத்திரம் இல்லாமல் கை மாறிய பிள்ளையென்றால் அந்த இடத்தில் முனியம்மாவின் கணவர் பெயரல்லவா இருக்க வேண்டும். அடையாள அட்டையிலிருந்து அப்படியே எடுத்து எழுதிய பெயர் அது. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் இரண்டடி தூரத்தில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தவனின் சட்டைப் பையில் அந்த அட்டை இருந்திருக்கும்.

புனிதா வராந்தாவில் நின்றிருந்தாள். குப்புசாமி யார் பிள்ளை என்று நான் கேட்டதும் அவளுக்கு அழுகையோடு ஆச்சரியமும் வந்தது.

"தம்பிதான் சிஸ்டர். கூடப் பொறந்த தம்பி. ரெண்டு புள்ள செத்ததுக்குப் பொறவு இவன் பொறந்தான். மூணாம் நாளே முனியம்மா அத்தைகிட்ட குடுத்துட்டு, ஒரு மொறம் தவுடு குடுத்துத் திரும்ப வாங்கிட்டாங்க. வேற வூட்டுப் புள்ளன்னா சாவு வந்து தேடாதுன்னு. அன்னிலேருந்து அம்மா அவன என் புள்ளன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. அவனும் அம்மான்னு கூப்ட்டதில்ல. முனியம்மா அத்தையத்தான் அம்மாம்பான்."

"நீ எங்கிட்ட முன்னாலயே சொல்லியிருக்கலாமே புனிதா."

"தோட்டத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம் லா. நீங்களும் தமிழுதானே? ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

என் வாழ்க்கையில் யாரும் என்னை இவ்வளவு மரியாதையாகத் திட்டியதில்லை. அவள் திட்டவில்லை என்பதுதான் இன்னும் வலித்தது.

டாக்டர் ஹஸ்னாவிடம் போய்ச் சொன்னேன். அவர் இடையில் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு பழைய தாளை எடுத்து வரச் சொன்னார். காலியாகக் கிடந்த பத்தியை ஒரு முறை பார்த்தார். "பார்த்ததில் எழுதுங்கள்" என்று மிக மெதுவாகச் சொன்னார். வார்டில் இருந்த அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து எழுதினேன். புள்ளிக்கோட்டின் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் முழுக்கோடு போட்டு, கையெழுத்தும் தேதியும் இட்டேன். அவர் அந்தத் தாளையே எடுத்துக்கொண்டு அறுவை மருத்துவர்களைப் பார்க்கப் போனார்.

அவர்கள் அதுவரை குழம்பிப்போய் இருந்தார்கள். வண்ண மருந்து செலுத்தி இரத்தக் குழாய்களைப் படம் எடுத்ததில் எதுவும் தெரியவில்லை. கேவர்னோமா அந்தப் படத்தில் தெரியாது. அதற்குள் இரத்தம் அவ்வளவு மெதுவாக ஓடும். அக்காவுக்கு இருக்கிறது என்று தெரிந்ததும் அன்றே எம்ஆர்ஐ எடுத்தார்கள். தம்பியின் மூளையிலும் அதே கருப்புப் புள்ளிகள். அவற்றில் ஒன்று, பேச்சுக்கான பகுதியை ஒட்டி, பெரிதாக ஒழுகியிருந்தது. அதை மட்டும் எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். பிழைப்பான் என்றும் சொல்லவில்லை, பேசுவான் என்றும் சொல்லவில்லை.

டாக்டர் ஹஸ்னா வராந்தாவுக்கு வந்து அஞ்சலையின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "புவான், அவர் உங்கள் பிள்ளையா?" என்று மலாயில் மரியாதையாகக் கேட்டார். தாயின் இரத்தத்தையும் சோதித்தால் கோளாறு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியும், அதற்காகத்தான் கேட்டார். அஞ்சலைக்கு மலாய் நன்றாகவே புரியும். இல்லை என்று தலையாட்டினார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டர், நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. நான் ஆமான்னு சொன்னா அவன் பொழச்சுக்குவானா? இல்லன்னு சொன்னா பொழச்சுக்குவானா? எதச் சொன்னாப் பொழைப்பானோ அதச் சொல்றேன்."

முப்பத்தொரு வருடம் அந்தப் பொய்யைச் சொல்லித்தான் அவனைக் காப்பாற்றியதாக அவர் நம்பினார். அதே பொய்தான் அவன் பெயரை என் பட்டியலில் வராமல் தடுத்தது. ஆனால் அந்தப் பொய்யைச் சரிபார்க்க வேண்டியது என் வேலை, அவர் வேலை அல்ல. அவர் கேட்டதை டாக்டரிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

டாக்டர் ஹஸ்னா யோசித்தார். "அவர் ஒன்றும் சொல்ல வேண்டாம்" என்றார். "கேட்டதில் அவர் சொன்னது அப்படியே இருக்கட்டும். பார்த்தது நமக்குப் போதும். கையை மட்டும் நீட்டச் சொல்லுங்கள்."

அஞ்சலை எதற்கு என்று கேட்கவில்லை. சேலை முந்தானையை ஒதுக்கிவிட்டு இடது கையை நீட்டினார். நானே இரத்தம் எடுத்தேன். ஊசி குத்தும்போது அறுவைக் கூடத்தின் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

குப்புசாமி பிழைத்தான். வலது கையில் பலம் குறைவு. பேச்சு சுத்தமாகப் போய்விட்டது. நாம் சொல்வது அவனுக்குப் புரிகிறதா என்பதே தெரியவில்லை. பத்து நாள் கண்ணை மட்டும் உருட்டிப் பார்த்துக்கொண்டு கிடந்தான். முன்பே ஸ்கேன் செய்திருந்தால் இது நடந்திருக்காதா என்று ஒரு நாள் டாக்டர் ஹஸ்னாவிடம் கேட்டேன். "லோரி ஓட்டாதே என்று சொல்லியிருப்போம். கசிவை நிறுத்தியிருப்போம் என்று சொல்ல முடியாது" என்றார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. ஆறுதலுக்காக அவர் சொல்லவும் இல்லை.

பேச்சுப் பயிற்சிக்கு லாவண்யா என்று ஒரு பெண் வந்தாள். ஊர் செர்டாங் பக்கம், வேலையில் சுறுசுறுப்பு. படங்களைக் காட்டிப் பெயர் சொல்ல வைப்பாள். அது முடிந்தால் குடும்பத்தினரின் படங்கள். யார் யார் என்ன உறவு என்ற பட்டியலை அவளுக்கு எழுதிக் கொடுத்தது நான்தான். இந்த முறை கவனமாக, பிறப்புப் பத்திரத்தைப் பார்த்தே எழுதினேன்: அஞ்சலை, தாய். இந்தச் சோதனையில் என்ன தெரிகிறது என்பதை வைத்துத்தான் அவனுக்குச் சொற்கள் திரும்புமா என்று கணிப்பார்கள்.

அன்று நானும் போயிருந்தேன். அஞ்சலை கட்டிலின் கால்மாட்டில் நின்றார். கோப்பை, கரண்டி, பூனை என்று காட்டியதற்கெல்லாம் அவன் வாய் அசைந்தது, சொல் வரவில்லை. கடைசியில் லாவண்யா கைப்பேசியில் அஞ்சலையின் படத்தைக் காட்டினாள்.

"இவங்க யாரு அண்ணே?"

அவன் படத்தைப் பார்த்தான். கட்டிலின் கால்மாட்டைப் பார்த்தான். கழுத்து நரம்பு புடைத்தது. "அ...அத்... அத்தை" என்றான்.

லாவண்யாவின் முகம் வாடிவிட்டது. உறவுச் சொற்கள் குழம்பினால் பாதிப்பு ஆழமாக இருக்கிறது என்று அவள் படித்திருப்பாள். தாளில் தவறு என்று குறித்துவிட்டு, பொறுமையாக, "இல்லண்ணே. அம்மா. சொல்லுங்க பாப்போம், அம்...மா" என்றாள்.

"வேணாம்மா! அப்படிச் சொல்ல வெக்காத!" அஞ்சலை ஓடி வந்து அவளுக்கும் அவனுக்கும் நடுவில் நின்றார். கண்ணிலிருந்து நீர் கொட்டியது. "அவன் சரியாத்தான் சொல்றான். அவனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு!"

லாவண்யா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். அவள் கையில் இருந்தது நான் எழுதிக் கொடுத்த பட்டியல். அதில் ஒரு எழுத்துக்கூடப் பிழை இல்லை.

"அவர் சொன்னதுதான் சரி. சரின்னு போடுங்க" என்றேன்.

குப்புசாமி இடது கையை மெல்லத் தூக்கி அஞ்சலையின் சேலையைப் பிடித்தான். மறுபடியும் கழுத்து நரம்பு புடைத்தது. இந்த முறை இன்னும் அதிக நேரம் ஆயிற்று.

"அத்தை... அழுவாத."

அறுவைக்குப் பிறகு அவன் சேர்த்துச் சொன்ன முதல் இரண்டு வார்த்தைகள் அவை. லாவண்யா இரண்டையும் சரி என்று குறித்துக்கொண்டாள்.